ஏழாம் படகில் இரண்டு இருக்கைகள்

இருதயராஜ் இடம் பிடிக்க மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. முதலில் பாக்கெட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி, அதிலிருக்கும் காற்றை வெளியேற்றுவார். மேசை விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி நேராக வைப்பார். ஆட்காட்டி விரலால் மெல்ல ஒரு தட்டு. பிறகு, தூங்க வைத்த குழந்தையை விட்டு நகர்கிறவர் மாதிரி, பின்னோக்கியே நடப்பார். இன்னொரு பாக்கெட் மனைவி மரியம்மாளுக்கு. அதற்கு மட்டும் ஒரு மூலையை மடித்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடியில் நிற்கக்கூட இடம் இருக்காது. அங்கேயும் இந்த இரண்டு பாக்கெட்டுகளை மீறி யாரும் உட்கார்ந்ததில்லை. நம் ஊர் அப்படி. சாமி சிலையைக்கூட நகர்த்தி வைப்பார்கள், டிஷ்யூவைத் தொட மாட்டார்கள்.

மரியம்மாளுக்கு முழங்கால் வலி. கோயில் பூசையோ, கல்யாண விருந்தோ, இருதயராஜ் முன்னால் ஓடிப்போய் இடம் பிடிப்பார். மனைவி பின்னால் அசைந்து அசைந்து வந்து உட்காருவார். இருதயராஜுக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது, ஆணி அடித்தால் சுவர்தான் உடையும். "இந்த ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுதே" என்பார் மரியம்மாள்.

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவிலிருந்து இருதயராஜ் ஓய்வு பெற்றதும், மகள் இருவரையும் கப்பல் பயணத்துக்கு அனுப்பினாள். நகரத்தையே தூக்கி மிதக்கவிட்ட ராட்சதக் கப்பல் இல்லை. நடுத்தரமானது, பழைய பாணி. தேக்குப் பலகைத் தளம், பித்தளைக் கைப்பிடி, வட்டச் சன்னல். புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் பெட்டியில் சட்டைகளைவிட டிஷ்யூ பாக்கெட்டுகள் அதிகம்.

ஆனால் கப்பலில் அவருக்கு வேலையே இல்லை. சாப்பாட்டு அறையில் அவர்கள் பெயருக்கு ஒரு மேசை, எல்லா இரவும் அதே மேசை. நாடக அரங்கில் பாதி காலி. கேபினுக்குள் போனால், குளியல் துண்டை யானையாக மடித்து அவர் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இதுகூட எனக்கு முன்னாடி இடம் பிடிச்சிடுச்சு" என்றார் சோர்ந்துபோய்.

கப்பல் கிளம்பும் முன் ஆபத்துக்கால ஒத்திகை. குட்டையாக ஏழு ஊதல், நீளமாக ஒன்று. எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு தளத்தில் நின்றார்கள். தலைக்கு மேலே உயிர்காப்புப் படகுகள் தொங்கின. வரிசையைப் பார்த்துக்கொண்ட மாலுமி தூத்துக்குடிக்காரர், பெயர் சேவியர்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஏழாம் படகு."

"சீட் நம்பர், தம்பி?"

"நம்பரெல்லாம் கிடையாது. வர்ற வரிசைல உட்கார வேண்டியதுதான்."

"நம்பர் இல்லையா?"

"எல்லாருக்கும் இடம் இருக்கு அண்ணாச்சி."

"எல்லா இடத்துலயும் இப்படித்தான் சொல்றாங்க." இருதயராஜ் சுற்றிலும் பார்த்தார். பயணிகளில் முக்கால்வாசி நம்மூர்க்காரர்கள். "லஞ்ச் டைம்ல இவங்களை நீ பார்த்ததில்ல லா."

அவருக்குக் கண்முன் ஓடியது ஒரே காட்சிதான். கப்பல் சாய்கிறது. எல்லோரும் ஓடுகிறார்கள். மரியம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வருகிறார். படகில் இடம் இல்லை.

மறுநாள் கேப்டன் விருந்து. கோட்டு, டை, பட்டுப்புடவை என்று ஆளுக்கு ஆள் மின்னினார்கள். இருதயராஜும் கோட்டுப் போட்டுக்கொண்டார், அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டையும். அப்படியே ஏழாம் படகுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். மரியம்மாள் பட்டுப்புடவையில் முழங்காலைப் பிடித்தபடி ஏறி வந்தார்.

"என்னங்க, எனக்கு எதிர்ல ஒரு நாற்காலி சும்மா கிடக்கு. யானையைக் கொண்டுவந்து உட்கார வைக்கட்டுமா?"

"இது கவிழ்ந்தா நீ எப்படி வருவே, மரியா?"

"கவிழட்டும். நாளைக்கும் நான் தனியாச் சாப்பிட்டேன்னா, அடுத்த துறைமுகத்துல இறங்கி பிளேன் ஏறிடுவேன். நீங்க இந்தப் படகைக் கட்டிக்கிட்டு வாழுங்க."

அடுத்த நாள் கப்பல் ஒரு தீவிலிருந்து சற்றுத் தள்ளி நின்றது. கரையோரம் ஆழம் போதாது. பயணிகளைக் கப்பலின் சொந்தப் படகுகளிலேயே கரைக்குக் கொண்டுபோவார்களாம். கம்பிவடம் முனக, இறங்கி வந்தது ஏழாம் படகு. மாதாவே கண் திறந்த மாதிரி இருந்தது இருதயராஜுக்கு.

வாசலோரம், கால் நீட்ட வசதியான இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். கரை வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே பாக்கெட்டுகளை அழுத்தினார். வைத்தார். தட்டினார். பின்னோக்கியே நடந்து கரையேறினார்.

படகை ஓட்டிவந்த சேவியர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, டிஷ்யூவை விட்டுட்டுப் போறீங்க."

"விட்டுட்டுப் போகல தம்பி. வச்சிட்டுப் போறேன். தொட்டுடாதே."

சேவியர் அவரையும் பாக்கெட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மணலில் நடக்கும்போது மரியம்மாள் கேட்டார், "மூலையை மடிச்சீங்களா?"

"பின்ன?"

மாலையில் அவர்களுக்குக் கிடைத்தது வேறு படகு. இருதயராஜ் கவலைப்படவில்லை; கப்பல் கவிழ்ந்தாலும் ஏழாம் படகில் இடம் பிடித்தாகிவிட்டது. அன்றிரவு மேசைக்கு வந்து சூப்பிலிருந்து ஐஸ்கிரீம் வரை ஒன்றையும் விடாமல் சாப்பிட்டார். யானையைப் பத்திரமாக நாற்காலிக்கு மாற்றிவிட்டு, மீதிப் பயணம் முழுக்க நன்றாகத் தூங்கினார். மரியம்மாள் பிளேன் ஏறவில்லை.

மிச்சக் கதை இருதயராஜுக்குத் தெரிந்தது சில மாதங்கள் கழித்து, சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேவியர் வாய்வழியாக. தீவுக்குப் போன அன்று முழுவதும் அந்த இரண்டு இருக்கைகளும் காலியாகவே ஏழாம் படகு போய் வந்திருக்கிறது. நிற்கக் கூடாது என்றதும், சிலர் அடுத்த படகுக்குக் காத்திருந்தார்களே தவிர அங்கே உட்காரவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரர் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். படகே சேர்ந்து அவரைத் திட்டியிருக்கிறது.

பொழுது சாய்ந்து, படகைக் கப்பலுக்குத் திருப்பும் நேரத்தில் சேவியர் உள்ளே பார்த்திருக்கிறார். எல்லோரும் வேறு படகுகளில் கப்பலுக்குப் போய்விட்டார்கள், ஆள் ஒருவரும் இல்லை. ஆனால் இடமும் இல்லை. ஒவ்வோர் இருக்கையிலும் இறங்கிப் போனவர்கள் வைத்த ஒரு டிஷ்யூ பாக்கெட், இல்லாவிட்டால் குடை, தொப்பி, யாரோ ஒருவருடைய பெயர் அட்டை. வாசலோரம் அந்த இரண்டும் அப்படியே. படகோட்டியின் இருக்கையிலும் ஒன்று.

நின்றபடியே ஓட்டிக்கொண்டு வந்தாராம்.