சிவப்புத் துணியைக் கழுவிய வெள்ளிக்கிழமை

சண்டிலிப்பாயில் வாழ்கிறவனுக்குப் போர்வை என்பது நுளம்புக் கடிக்கு மறைப்பு. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கும்படி எங்கள் வெயில் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. மகளுக்கு நுவரெலியாப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்ததும் வீட்டில் மூவரும் குளிரில் நிபுணர்களாகிவிட்டோம். மகள் காலை மூடுகிற சப்பாத்து வாங்கினாள். நான் தினமும் அந்த ஊரின் வெப்பநிலையைக் கைபேசியில் பார்த்து, பார்த்ததை எல்லோருக்கும் அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை.

மனைவி ஒட்டுப் போர்வை தைக்க முடிவெடுத்தாள். துண்டு துண்டாக வெட்டிய துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற தடித்த போர்வை. வெள்ளைக் கட்டங்களுக்கு மகள் கடைசியாகப் போட்ட பள்ளிச் சீருடையைத் தையல் பிரித்து விரித்தாயிற்று. சிவப்புக் கட்டங்களுக்குச் சங்கானையில் புதுப் பருத்தித் துணி வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகள் பஸ் ஏறுகிறாள். அதற்குள் போர்வை முடிய வேண்டும்.

தைக்கும் முறையை விளக்கிய வீடியோவில் இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்துச் சண்டை பிடித்தார்கள். வெட்டுவதற்கு முன் துணியைக் கழுவியே ஆக வேண்டும் என்றாள் ஒருத்தி. கழுவவே கூடாது என்றாள் மற்றவள். மனைவி இரண்டாமவளின் கட்சி. நான் எப்போதும் பயமுறுத்துகிறவர்களின் கட்சி.

"இஞ்சாருங்கோ, உந்தத் துணியைக் கையிலை வச்சுக்கொண்டு என்ன நடை நடக்கிறியள்?"

"சிவப்பு புதுசு. கழுவினால் சுருங்கும். வெள்ளை எத்தினை வருசம் கழுவுப்பட்டது, அது இனிச் சுருங்காது. ரெண்டையும் சேர்த்துத் தைச்சால் முதல் கழுவலோடை போர்வை பொரிச்ச அப்பளம் மாதிரி நெளியும். கண்டீரோ?"

"நெளியட்டும். புதுத்துணியிலை கஞ்சி இருக்கேக்கைதான் நேரா வெட்டுப்படும். கழுவினால் நாய்க்குட்டி மாதிரிக் கையிலை குழையும்."

"சாயம் போனால்? பிள்ளையின்ரை யூனிபோம் ரோசாப்பூ நிறத்துக்கு வந்திடும்."

"கடைக்காரத் தம்பி போகாதெண்டு சொன்னவர்."

"கடைக்காரர் வேறை என்ன சொல்லுவார்?"

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகள் குரல் கொடுத்தாள்: "அம்மா, அப்பாக்கு விசர் முத்திப்போச்சு. குசினிக்குள்ளை விடாதேங்கோ, அரிசியையும் சவுக்காரம் போட்டுக் கழுவுவார்."

அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் துணி சுருங்கியது. எழுந்து நடந்தால் சாயம் போனது. நுவரெலியாவில் ஒரு சிறிய அறையில், கோணிப்போன ரோசாப்பூ நிறப் போர்வைக்குள் என் பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் அவள் வீட்டு வாசலையே தாண்டவில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். வேலிப் படலை சாத்தும் சத்தம் கேட்டதும் நான் பிளாஸ்டிக் பேசினும் சவர்க்காரமுமாகக் கிணற்றடிக்கு ஓடினேன். சிவப்புத் துணியைத் தண்ணீரில் போட்டு ஊறவிட்டேன். சாயம் போகிறதா என்று அறிய ஒரு வெள்ளைத் துணி கூடவே கிடக்க வேண்டும் அல்லவா? அறிவுள்ளவன் கொடியில் தொங்கிய தன் பெனியன்களில் ஒன்றை எடுத்திருப்பான். நான் சீருடையை எடுத்தேன். எந்தச் சோதனையையும் முதலில் ஓரத்தில் செய்ய வேண்டும் என்று வீடியோக்காரி சொல்லியிருந்தாள். எனவே வெள்ளைத் துணியின் ஒரு மூலையைச் சிவப்பு ஊறிய தண்ணீரில் நனைத்துச் சவர்க்காரம் தேய்த்தேன்.

மூலை சிவந்தது.

மெல்லிய சிவப்பு இல்லை. கோழி அறுத்த கை மாதிரிச் சிவப்பு. கறை போகட்டும் என்று இன்னும் சவர்க்காரம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. மறு மூலையை எடுத்துத் தேய்த்தேன். அதுவும் சிவந்தது. வாய்விட்டு "ஐயோ" என்று கத்தினேன். பக்கத்து வளவு நாய் பதிலுக்குக் குரைத்தது. அந்த நேரத்தில் என்னுடன் கதைக்க அதுவாவது இருந்தது.

சீருடையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டே அலசிப் பிழிந்து, ஒரு பையில் திணித்து, மோட்டார் சைக்கிளில் சங்கானைக்குப் பறந்தேன். வழியெல்லாம் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைக்காரத் தம்பிக்குச் சொல்ல வேண்டியவற்றை உரக்க ஒத்திகை பார்த்தேன். எதிரே சைக்கிளில் வந்தவர் தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்து இறங்கி நின்றார்.

"வாங்கோ அண்ணை."

"சாயம் போகாதெண்டு சொன்னனீர் எல்லோ?"

"ஓம் அண்ணை. போகாது."

"இஞ்சை பாரும் அப்ப!" என்று ஈரத் துணியை மேசையில் விரித்தேன். விரித்து வைத்திருந்த சேலைகளைத் தம்பி பதறியடித்து இழுத்தார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். சிவப்பைக் காணவில்லை. இரண்டு மூலைகளிலும் விரல் நுனி அளவில் மஞ்சள் பொட்டு இருந்தது. மற்ற இரண்டு மூலைகளிலும் அதே பொட்டு.

தம்பி துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மஞ்சள்தானே அண்ணை வச்சிருக்கிறியள்? சவுக்காரம் பட்டிருக்கும். என்ன, வீட்டிலை நல்ல காரியமோ?"

வெட்டுவதற்கு முன் துணிக்கு மஞ்சள் வைப்பாள் என் மனைவி. புதுத்துணிக்குத்தான் வைப்பது வழக்கம். மகளின் முதல் வேலைக்குப் போகிற போர்வை என்றபடியால் பழைய துணிக்கும் வைத்திருக்கிறாள். தையல் மெஷினுக்கு எண்ணெய் வாங்க நான் வெளியே போயிருந்தபோது அது நடந்திருக்க வேண்டும். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும், அலசினால் பழையபடி மஞ்சளாகும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் சேட்டுக் கொலரின் மூலையில் அந்த மஞ்சள் இருந்தது. பயம் வந்தால் எனக்கு என் வீட்டு இலக்கமே மறந்துபோகும், மஞ்சள் எம்மாத்திரம்?

"ஓம்," என்றேன். "நல்ல காரியம்தான். மகளுக்கு நியமனம் கிடைச்சிருக்கு. நுவரெலியா."

"அட, குளிர் இடமெல்லோ! தனியவோ போறா?"

"தனியத்தான்."

எல்லோரிடமும் நியமனத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன், வெப்பநிலையைக் கூடச் சொல்லியிருந்தேன். இந்தச் சொல்லை மட்டும் அதுவரை நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டு ஈரத் துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். தம்பி அவசரமாக, "சிவப்பு இன்னும் வேணுமோ அண்ணை?" என்றார். வெறுங்கையோடு போனால் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டிவரும். எனவே "ஓம், ஒரு மீற்றர் தாரும்," என்றேன்.

வீட்டில் படலையடியிலேயே இருவரும் நின்றார்கள். கிணற்றடியில் ஊறிக்கொண்டிருந்த சிவப்புத் துணி என்னை ஏற்கெனவே காட்டிக்கொடுத்திருந்தது.

"யூனிபோம் எங்கை?" என்றாள் மனைவி.

பையை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லாமலே விட்டிருக்கலாம். மகள் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. சிவப்புத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். வெயில் அதைச் சீக்கிரமே காயவைத்தது. அளவு நாடாவை வைத்துப் பார்த்தவள், மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"நாலு விரல் சுருங்கியிருக்கு," என்றாள், மிகவும் வேண்டாவெறுப்பாக.

என் முகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

"உந்தச் சிரிப்பைக் காட்டாதேங்கோ. இனித் துணி காணாது."

"அதுக்குத்தான் ஒரு மீற்றர் வாங்கியந்தனான்," என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக ஒரு பொய்யை நான் சொன்னதில்லை. அவள் நம்பவில்லை. ஆனால் புதுத்துணியின் மூலைகளில் மஞ்சளைத் தொட்டு வைத்து, "இந்தாங்கோ, கழுவுங்கோ. சிவந்தால் கத்தாதேங்கோ," என்று கையில் தந்தாள்.

கிணற்றடியில் நான் துணியைக் கும்மிக் கசக்கிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அப்பா, அங்கை மழையாம். வெயிலே இல்லையாம். போர்வை ஊத்தையானால் எப்பிடிக் கழுவிக் காயவைக்கிறது?"

"அங்கை காயாது."

"அப்ப?"

"இஞ்சை கொண்டா. நான் கழுவித் தாறன்."

"ஒரு போர்வை கழுவுறதுக்கோ அவ்வளவு தூரம் பஸ்ஸிலை வாறது?"

"பாரமான போர்வையெல்லோ பிள்ளை. நனைஞ்சால் உன்னாலை தூக்கேலாது."

அவள் சவர்க்கார நுரையை ஒரு விரலால் வழித்து என் முழங்கையில் பூசினாள். பிறகு, "சரி, ஒவ்வொரு லீவுக்கும் கொண்டாறன். சவுக்காரம் வாங்கி வையுங்கோ," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து உள்ளே போனதும்தான் அடுத்த கவலை வந்தது. பஞ்சு வைத்த போர்வையைத் தண்ணீரில் போட்டால் பஞ்சு ஒரு மூலையில் போய்த் திரளாதா? கைபேசியைத் தேடி ஈரக் கையோடு உள்ளே ஓடினேன்.