தனகோடியின் மாத்திரைப் பை

தனகோடி எனக்குத் தம்பி மகள். கூடப்பிறந்த தம்பி அல்ல, சித்தப்பா மகன் கோவிந்தன் பெற்ற பெண். அவளுக்கு மூத்தவன் ராஜகோபால். அவன் கட்டியது அணைக்கட்டு ஊர்ப் பெண் தேவிகா.

தனகோடியை ஒடுகத்தூரில் ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்தோம். ஆம்பூர் கம்பெனிகளுக்குத் தோல் ஏற்றி வருகிறவன். எச்ஐவி வந்து செத்தான், அவளுக்கும் கொடுத்துவிட்டுச் செத்தான். அவள் ஒரு தப்பும் செய்யாதவள் என்று நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அப்படிச் சொன்னால், தப்புச் செய்தவர்களுக்கு இது வரலாம் என்று ஆகிவிடும். வியாதி வந்தது, அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். எச்ஐவிக்கு மருந்து கொடுக்கிற வேலூர் ஏஆர்டி சென்டரில் மாத்திரை வாங்கி ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்று டாக்டர் சொல்லுகிற அளவுக்குத் தேறினாள். அண்ணனுக்கு அது போதவில்லை. நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. தன் தெருவில் கேட்கிறவர்களுக்கு, 'தங்கச்சிக்கு சுகர்' என்று சொல்லிவைத்திருந்தான். அவன் மகள் பெரியவளானபோது சொந்த அத்தை உள்ளூரில் இருக்க, எங்கேயோ தூரத்து அத்தை ஒருத்தியைப் பிடித்துவந்து தண்ணீர் ஊற்ற வைத்தார்கள்.

கொரோனா வந்த வருஷம், பஸ் ஓடாது என்று சென்டரில் மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, எச்ஐவி மருந்தைக் கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று டிவியில் ஏதோ ஓடியது. ராஜகோபால் வீட்டில் எல்லோருக்கும் ஜுரம். வெளியே தெரிந்தால் வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று மறைத்தார்கள். ஒருநாள் காலையில் அவன் தங்கை வீட்டுக்கு வந்து நின்றான்.

"தனம், உன் மாத்திரையில கொஞ்சம் குடு. அதுல கொரோனா போவுதாம்."

"போவாதுண்ணா. டிவில சொன்னது வேற மருந்து, அதுவும் கொரோனாவுக்குக் கேக்கலையாம். சென்டருக்குப் போன் பண்ணி விசாரிச்சிட்டேன். ஜுரம்னா ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா தெருவுக்கே தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா இன்னா?"

"பழசெல்லாம் மனசுல வச்சிகினு பேசற."

"வச்சிகினுதான் இருக்கேன். ஆனா மாத்திரை குடுக்காதது அதுக்கில்ல. மாத்திரைய விட்டா எனக்குக் கிருமி திரும்பிக்கும்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மாஸ்க்கை இறக்கிவிட்டு, "தொண்டை வறண்டுபோச்சு, கொஞ்சம் தண்ணி குடு" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவள் கையால் அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பின்பக்கம் போய் டம்ளரை நன்றாகக் கழுவி, குடத்திலிருந்து மொண்டு வந்தாள். அண்ணன் இல்லை. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த மாத்திரைப் பையும் இல்லை. திருடினான் என்பதைக்கூட நான் பொறுப்பேன். தண்ணீர் கேட்டுத் திருடினானே, அதைப் பொறுக்க முடியவில்லை.

போன் செய்தாள். தேவிகா எடுத்தாள்.

"உனக்குத்தான் கவர்மெண்ட்ல சும்மா குடுக்கறாங்களே. இன்னொரு வாட்டி வாங்கிக்க."

"பஸ்ஸு எங்க அண்ணி ஓடுது?"

போன் கட்டானது.

அன்றைக்கு மாத்திரை இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் இவளுக்கே ஜுரம் கண்டது. கொத்தமல்லியைக் கசக்கி முகர்ந்தாலும் வாசனை தெரியவில்லை. டெஸ்ட் எடுத்ததில் கொரோனா என்று வந்து, அழைத்துப்போக ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியோடு வந்த ஆஸ்பத்திரிப் பையன் பேர் பரத்.

"தம்பி, எனக்கு எச்ஐவி இருக்குது. மாத்திரை விடக் கூடாது. மாத்திரை எங்கண்ணன் வீட்ல மாட்டிகினு இருக்குது. வண்டிய அங்க வுடு."

"ரூட் மாத்தினா கேள்வி கேப்பாங்கக்கா."

"கேட்டா என்னைக் காட்டு."

ராஜகோபால் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதும் தெருவில் அத்தனை ஜன்னலும் திறந்தது. அவன் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியபடி இருந்தது. தனகோடி கீழே இறங்கவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டவள், முதல்தடவையாகப் பேர் சொன்னாள்.

"ராஜகோபாலு, என் எச்ஐவி மாத்திரையக் குடு. ஆமா, எச்ஐவிதான். சுகர் இல்ல."

ஜன்னல் திறக்கவில்லை. எதிர்மாடியிலிருந்து முபஷ்ஷிரா என்கிற டீச்சரம்மா, "அவங்க பொருளத்தான கேக்கறாங்க, குடுத்துடுங்க ராஜகோபால்" என்றாள்.

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. தேவிகா பையை வீசிவிட்டு இருமினாள். உள்ளேயிருந்து இன்னொரு இருமலும் கேட்டது. பையை எடுத்துக் கொடுத்த பரத், "உள்ள யாருக்கெல்லாம் ஜுரம்?" என்று கேட்டான். அடுத்த வண்டியில் அவர்களும் வந்தார்கள். மறுநாள் வாசலில் தகரமும் வந்தது.

அண்ணன் மானத்தைத் தெருவில் வைத்து வாங்கிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள். எழுந்து போங்கள் என்றேன். அண்ணன் மகள் சடங்கில் அவள் மானம் போனபோது இவர்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

கொரோனாவுக்கென்று காலேஜ் ஹாலில் கட்டில் போட்டிருந்த இடத்தில், டாக்டர் வந்ததும் தனகோடி முதலில் சொன்னது தன் வியாதியைத்தான். டாக்டர் சென்டருக்குப் போன் போட்டுப் பேசினார். இங்கே கொடுக்கிற மருந்தோடு அதையும் விடாமல் சாப்பிடு, விட்டதற்குச் சேர்த்துப் போடாதே என்றார். தினமும் விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார்கள். அது இறங்கவில்லை, ஜுரம்தான் இறங்கியது.

ஒருநாள் சாப்பாடு முடிந்த நேரம், ஹாலைப் பெருக்குகிற கமலம் மெதுவாக அவள் கட்டிலருகே வந்தாள்.

"ஆம்பளைங்க ஹால்ல உங்கண்ணன் கேட்டாரும்மா. ஒண்ணே ஒண்ணு போதுமாம்."

தனகோடி பையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

"டாக்டர் குடுக்கறத முழுங்கிட்டுப் படுக்கச் சொல்லு" என்றாள்.