மேல் கோட்டுக்கு மேலே

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் ஆட்டோமொபைல் டிப்ளமோவும் முடித்தேன். இதை நான் அடிக்கடி சொல்வதாக வீட்டில் குறை உண்டு. ஆயுத பூஜையன்று மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து முழுக்க வண்டி கழுவிக்கொண்டிருந்தபோதும் சொன்னேன்.

என் பழைய ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சின் ஆயிலை மாற்றினேன். அளவுக் குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள். எண்ணெய் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். கச்சிதமாக நின்றது. கையேட்டில் அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு ஆங்கிலத்திலேயே உரக்க வாசித்துக் காட்டினேன். அம்மா கைகூப்பி நின்று கேட்டாள். படிப்புக்கு வீட்டில் இருக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மிச்ச ஆயிலை ஓரமாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து விஜயநகரில் ஒரு சர்வீஸ் சென்டரில் நேர்காணல். வண்டி கொண்டுவருகிறவர்களிடம் பேசி, கோளாறைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. என் படிப்புக்கு வந்த முதல் அழைப்பு அதுதான். கிடைக்காவிட்டால் மறுபடியும் ஜவுளிக்கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான்.

வழியெல்லாம் வண்டி இழுக்காமல் முனகியது. சர்வீஸ் சென்டர் வாசலில் நிறுத்தியபோது பின்னால் சாம்பிராணி போட்டதுபோல் வெள்ளைப் புகை. மேனேஜர் வெளியே வந்து கன்னடத்தில் கேட்டார்: "ஏனம்மா, பூஜை இன்னும் முடியலையா?"

குச்சியை உருவினேன். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. கூடுதல் எண்ணெய் உள்ளே இருக்க இடமில்லாமல் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறி, எஞ்சினுக்குள் போய் எரிகிறது என்று தெளிவாகவே விளக்கினேன்.

"சரிதான். யார் ஊத்தினது?"

அப்போதுதான் நினைவு வந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது ஆயில் டப்பா காலியாக, கழுவித் துடைக்கப்பட்டு, அதில் செவ்வந்திப்பூ இருந்தது.

"எங்கம்மா சார். படிக்காதவங்க."

அவர் சிரித்தார். "பூஜை முடிஞ்சா இப்படி நிறைய வண்டி வரும். கொண்டுவர்றவங்க மனசு நோகாம எடுத்துச் சொல்வீங்களா?"

"வீட்டுல தினமும் அதைத்தானே சார் செய்யறேன்!" என்றேன். வேலை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அசரவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா வண்டிக்கு அரை வயிறா? குச்சி நுனியிலதான் எண்ணெய் ஒட்டியிருந்துச்சு. பாவமா இருந்துச்சு, ஊத்தினேன்."

"நான்தான் படிச்சுக் காட்டினேனே!"

"அதுவா? நீ வண்டிக்கு ஏதோ மந்திரம் சொல்றேன்னு நினைச்சுக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன்டி."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் அதே பக்கத்தைத் தமிழில் சொன்னேன். அம்மா இந்த முறை கைகூப்பவில்லை. குச்சியை வாங்கி இரண்டு கோடுகளையும் நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா டிப்ளமோ?"