இளகிப்போன பம்பு

என் முதல் பிள்ளை கிணற்றங்கரையில் போனது. ஐந்தாம் மாதம். கமுகம்பாளையில் கட்டிய வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்தது உண்டானபோது, இனிக் கயிற்றைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். அதற்காகவே என் வீட்டுக்காரர் ஒரு கைப்பம்பு வாங்கிக் கிணற்றில் வைத்தார். அதுவரைக்கும் நல்ல மனிதர்தான்.

ஏழாம் மாதம் பம்பு மக்கர் செய்தது. ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி அடித்தால் இரண்டு மடக்கு கொட்டும், பிறகு வெறும் காற்று.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். எங்கள் ஊர்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று பாறசாலைப் பக்கம் ஓயாமல் கூட்டம் நடந்தது. எனக்கும் அதே ஆசைதான், நானும் தமிழச்சிதானே. ஆனால் என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் போகப் போக நாக்கையே மாற்றிக்கொண்டார். பிறந்ததிலிருந்து பேசிய பேச்சில் மலையாளம் எது என்று பொறுக்கிப் பொறுக்கி வெளியே எறிந்தார். நான் வாய்தவறி 'வெள்ளம்' என்றால், 'தண்ணீர்' என்று திருத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பம்பு பார்க்க நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மலையாளத்துக்காரர் வந்தார். நாலு தடவை அடித்துவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது இளகியதாணு" என்றார்.

"எங்க ஊருக்கு வந்தா தமிழ்ல பேசும் ஓய்" என்று இவர் பாய்ந்தார்.

அவருக்கும் ரோஷம் உண்டே. "எங்கில் தமிழன் தன்னே நன்னாக்கட்டே" என்றார். தமிழனே சரிசெய்துகொள்ளட்டுமாம். பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

"இளகினதுன்னா தோலாக்கும். நனைஞ்சு நனைஞ்சு மெழுகு மாதிரி இளகிப்போச்சு" என்று இவர் தீர்ப்புச் சொன்னார். பம்புக்குள் மேலும் கீழும் போய்வருகிற தோல் வளையத்தைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டார். தண்ணீர் வரவில்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆடுகிற பல்லை இளகின பல்லு என்றுதான் சொல்வோம். இறுக்கம் விட்டுப்போனால் இளகியது. இது இவருக்குத் தெரியாதா? நான் சொல்லத்தான் செய்தேன்.

"எட்டி, அது மலையாள அர்த்தம்" என்றார்.

விடியற்காலையில் இரண்டு குடம் இறைத்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். மத்தியானத்துக்குள் குடம் காலி. நான் கயிற்றைப் பிடித்தேன். நாலாம் நாள் அடிவயிற்றில் அதே பிடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். பயம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். அந்த மேடையில் ஏறி நின்று, உங்கள் எல்லை கிடக்கட்டும், எவனாவது எனக்கு ஒரு குடம் தண்ணீர் தாருங்கள் என்று கத்தவேண்டும்போல இருந்தது.

வலி மெல்ல விட்டது. எழுந்து பம்பை அடித்துப் பார்த்தேன். தோல் கெட்டிருந்தால் கைப்பிடி பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடும். இது அப்படி ஆடவில்லை. குழாயில் காதை வைத்தேன். அடிக்கும்போதெல்லாம் 'உஸ்' என்று ஒரு சத்தம். பம்பும் குழாயும் சேருகிற இடத்தில் தண்ணீரை ஊற்றினேன், சத்தம் ஒரு நொடி நின்றது. காற்று புகுவது அங்கேதான். நட்டு என் விரலுக்கே சுற்றியது. இவருடைய சைக்கிள் ஸ்பானரை எடுத்தேன். நட்டைக் கழற்றி, நூலில் சோப்பைத் தேய்த்து மரையில் சுற்றி, திரும்ப முறுக்கினேன். மேலே ஒரு செம்பு ஊற்றி அடித்தேன். குடம் நிறைந்து வழிந்தது.

மூன்றாவது தோலோடு வந்தவர் நிறைந்த குடங்களைப் பார்த்தார்.

"தோலில்ல, நட்டாக்கும் இளகினது" என்றேன்.

"நானும் அதத்தான் நினைச்சேன்" என்றார். ஸ்பானர் அப்போதும் என் கையில்தான் இருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். எல்லையையும் போட்டார்கள், நாங்கள் கேரளத்திலேயே நின்றுபோனோம். அவளுக்கு ஆறு வயதானபோது ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் வாயைத் திறந்து காட்டினாள்.

"அப்பா, பல்லு இளகிப்போச்சு."

அவர் திருத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் பம்படிக்குப் போனார்.