ஒரு ரேடியோவுக்கு இரண்டு விலாசம்

குடவாசல் சுற்று வட்டாரத்தில் புதிதாக எந்த மின்சாதனம் வந்தாலும் இளையபெருமாளிடம் கருத்துக் கேட்பது வழக்கம். அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தால் நஷ்டமில்லை என்பதுதான் காரணம். இது அவருக்கும் தெரியும். கேட்க வருகிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லியும் விடுவார்.

"டிரான்சிஸ்டர் ரெண்டு போகம் தாங்காதுன்னேன். டெலிவிஷன் நம்ம பக்கம் வராது, வந்தாலும் தென்னந்தோப்புல மாட்டிக்கும்னேன். செல்போனு வந்தப்ப, கம்பி இல்லாத பேச்ச எவன் நம்புவான்னேன். இப்ப நான் சொல்றத எவன் நம்புறான்? கேட்டுட்டுப் போங்க, அப்புறம் உங்க இஷ்டம்."

ஆனால் டிரான்சிஸ்டரைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சுயநலமும் இருந்தது. அதையும் மறைக்கமாட்டார். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்த மனிதரைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

இளையபெருமாள் பிறந்தது மிராசுதார் தியாகேசனின் பண்ணையில். அப்பா பண்ணையாள், தாத்தாவும் பண்ணையாள். நெல் அடிக்கும் களத்தை ஒட்டி, வாய்க்கால் கரையோரமாக, பதினோரு குடிசைகள். ஊர் அதைக் களத்துமேடு என்று சொல்லும். கிழக்கேயிருந்து மூன்றாவது குடிசை இளையபெருமாளுடையது. அவருடையது என்று பேச்சுக்குச் சொல்லலாம். கூரைக் கீற்று அவருடையது, தரை பண்ணையுடையது. 'நாளைக்குக் காலி பண்ணு' என்று பண்ணையில் சொன்னால் நாளைக்குக் காலி பண்ண வேண்டும்.

நடவு, களை, அறுப்பு போக அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தென்னை ஏறுவார். வால்வு ரேடியோ வந்த காலம் அது. பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. உயரத்தில் ஏரியல் கம்பி இழுத்துக் கட்டினால்தான் இலங்கை வானொலி இரைச்சல் இல்லாமல் கேட்கும். குடவாசல் கடைத்தெருவில் ரேடியோ விற்ற ஜெய்னுலாபுதீன் ராவுத்தர், கம்பி கட்ட இளையபெருமாளைப் பிடித்துக்கொண்டார். கொல்லைப் பக்கமாக வந்து, மரம் ஏறி, பீங்கான் குமிழை மாட்டி, கம்பியை ஜன்னல் வரை இழுத்துவிட்டுக் கொல்லைப் பக்கமாகவே போய்விட வேண்டும். முப்பது வீடுகளுக்கு மேல் கட்டியிருப்பார். ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. "பாட்டு முதல்ல என் கை வழியாத்தான் போவும், ஆனா நான் கேக்க முடியாது," என்று சிரிப்பார்.

இந்த நேரம் பார்த்து டிரான்சிஸ்டர் வந்தது. ஏரியலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்றால், தென்னை ஏறுகிறவனுக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? அதனால்தான் டீக்கடை டீக்கடையாக நின்று, டிரான்சிஸ்டர் உருப்படாது, வால்வு ரேடியோவின் கனம் அதில் வராது, மழை பெய்தால் ஊமையாகிவிடும் என்று பிரசாரம் பண்ணினார். பிரசாரம் பண்ணிக்கொண்டிருந்த அதே வருஷம், ராவுத்தர் பழைய பாக்கிக் கூலிக்குப் பதிலாக ஒரு பழைய டிரான்சிஸ்டரைக் கொடுத்தபோது, மறுபேச்சில்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

களத்துமேட்டுக்கு வந்த முதல் ரேடியோ அதுதான். ஆட்சி மாறிய புதிது. மெட்ராஸில் என்ன சட்டம் பேசுகிறார்கள், கூலி விஷயமாக என்ன சொல்கிறார்கள் என்று பதினோரு குடிசையும் அவர் வாசலில் கூடியது. இளையபெருமாள் செய்தியைக் கேட்டு, அதற்கு மேல் தன் கருத்தையும் சொல்லுவார். செய்தி ஐந்து நிமிஷம் என்றால் கருத்து அரைமணி நேரம் ஓடும்.

அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்கிறவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷம் பிறந்ததும் புதுப்பிக்க வேண்டும். பலபேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். இளையபெருமாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சர்க்கார் முத்திரை குத்திய புத்தகத்தில் தன் பேரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. குமாஸ்தா பெயரைக் கேட்டார், சொன்னார். தொழிலைக் கேட்டார், "ரேடியோ மெக்கானிக்" என்றார். மரம் ஏறுவதும் ரேடியோ வேலையில் சேர்த்திதானே என்று மனசுக்குள் சமாதானம். விலாசம் கேட்டார்.

இளையபெருமாளுக்குப் பின்னால் வரிசையில் நாலைந்துபேர் நின்றிருந்தார்கள். களத்துமேடு என்று சொன்னால் இன்னார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதுவரை 'வாங்க, உட்காருங்க' என்ற குமாஸ்தாவின் பேச்சு 'வா, அங்கே நில்லு' என்று மாறிவிடும். நாக்கு தானாகவே சொன்னது: "கடைத்தெரு, குடவாசல்."

அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டினார். பண்ணையின் காரியஸ்தர் வீரையனுக்கே ஒருநாள் காட்டினார். வீரையன் வாங்கிப் படித்துவிட்டு, "பரவாயில்லையே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எழுபத்தொன்று தை அறுவடையில் கூலித் தகராறு முற்றிப்போய், இளையபெருமாளும் இன்னும் ஆறுபேரும் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தார்கள். அந்தச் சமயத்தில், லைசென்ஸ் புதுப்பிக்காத ரேடியோக்களைப் பிடிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஒரு வதந்தி. அவர் மனைவி ராசம்மாள் பயந்துபோனாள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போனபோதுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அவர் திரும்பி வந்துவிடுவார், ரேடியோ வருமா? பெட்டியைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு குடவாசலுக்கு நடந்தாள். குமாஸ்தா, பழைய புத்தகத்துக்காரர் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் உன் பேரில் புதிதாக எடு என்றார். எடுத்தாள். விலாசம் கேட்டார்.

ராசம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் தடுமாறாமல் வந்து சேரவேண்டுமே என்று விளக்கமாகச் சொன்னாள். குமாஸ்தா நிதானமான மனுஷர் போலிருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். தியாகேசன் பண்ணைக் களத்துமேடு, வாய்க்கால் கரை, பதினோரு குடிசையில் கிழக்கேயிருந்து மூன்றாவது.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த இளையபெருமாள், பக்கத்து வீட்டு ரெத்தினம் புதுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்டுக் கொதித்துவிட்டார்.

"ஊரெல்லாம் நான் கடைத்தெரு மெக்கானிக்குனு சொல்லி வச்சிருக்கேன். நீ களத்துமேடுன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே."

"நம்ம இருக்கிற எடத்தத்தானே சொன்னேன்," என்றாள் ராசம்மாள்.

"அதத்தான் ஏன் சொன்னேங்கறேன்."

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் அந்தப் புதுப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, காலாவதியான பழையதையே மடியில் வைத்துக்கொண்டு திரிந்தார். அடுத்த தையிலும் ராசம்மாளேதான் போய்ப் புதுப்பித்தாள்.

இதற்கிடையில் சட்டம் ஒன்று வந்துவிட்டது. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கிற மனை இனி அவர்களுக்கே சொந்தம். எழுபத்தொன்று ஜூன் மாதம் குறிப்பிட்ட ஒரு தேதியில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். களத்துமேட்டில் அந்தச் செய்தியை முதலில் சொன்னது இளையபெருமாளின் ரேடியோ. "இதெல்லாம் பேப்பரோட சரி, நடக்காது" என்று கருத்துச் சொன்னது இளையபெருமாள்.

பதினோரு குடும்பமும் மனு கொடுத்தது. மிராசுதார் தரப்பு சும்மா இருக்குமா? அது குடியிருப்பே இல்லை, அறுப்புக்கு வருகிற வெளியூர் ஆட்கள் தங்கப் போட்ட கொட்டகை, அறுப்பு முடிந்தால் பிரித்துவிடுவோம் என்று பதில் மனு போட்டார்கள். எழுபத்திரண்டு ஆடியில் நன்னிலம் தாலுகா ஆபீசில் விசாரணை. தாசில்தார் களத்துமேட்டுக்காரர்களிடம், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஓட்டர் லிஸ்டில் ஊர்ப் பெயர் இருந்தது, குடிசைக்கு நம்பர் ஏது? மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்றார்கள். வாயால் சொல்வதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வீரையன் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மனுவுல மொதல்ல கையெழுத்துப் போட்டிருக்கிறவன் இளையபெருமாள். அவன் குடவாசல் கடைத்தெருக்காரன். நான் சொல்லலைங்க, சர்க்கார் ரேடியோ லைசென்ஸ் சொல்லுது. மடியிலதான் வச்சிருப்பான், வாங்கிப் பாருங்க."

மடியில்தான் இருந்தது. வேறெங்கே இருக்கும்? தாசில்தார் கையை நீட்டினார். இளையபெருமாள் எடுத்துக் கொடுத்தார். தன் ஒரு பெருமைக்காகப் பத்துக் குடும்பத்தின் கூரையையும் சேர்த்துப் பிடுங்கிக் கொடுக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதுல குடவாசல்னுதான் இருக்கு. என்ன சொல்றே?"

"பொய்ங்க."

"எது பொய்?"

"அந்த விலாசங்க. நான் இருக்கிறது களத்துமேடுதாங்க."

"அப்ப ஏன் இப்படிச் சொன்னே?"

எதற்கும் அரைமணி நேரம் கருத்துச் சொல்கிற மனிதருக்கு இரண்டே வார்த்தைதான் வந்தது.

"வெக்கமா இருந்துச்சுங்க."

பொய் விலாசம் கொடுத்தவன் இப்போது சொல்வது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவது என்று வீரையன் ஆரம்பித்தார். அப்போதுதான் வராந்தாவிலிருந்து ராசம்மாள் உள்ளே வந்தாள். உள்ளே நடந்த வழக்கு அவளுக்கு முழுசாகக் காதில் விழவில்லை. 'ரேடியோ லைசென்ஸ்' என்ற வார்த்தையும், அதிகாரி பழைய புத்தகத்தைப் புரட்டுவதும்தான் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"அது பழசுங்க. கட்டாம வைக்கலைங்க," என்று சுருக்குப்பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "ரெண்டு வருசமும் கட்டியிருக்கு. பெட்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க."

தாசில்தார் முதலில் எரிச்சலோடுதான் வாங்கினார். பிரித்தார். விலாசத்தை ஒருமுறை மனசுக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். எழுபத்தொன்று ஜனவரி முத்திரை. எழுபத்திரண்டு ஜனவரி முத்திரை. நடுவில் சட்டம் சொன்ன அந்த ஜூன் மாதம்.

"கொட்டகை அறுப்பு முடிஞ்சாப் பிரிச்சிடுவோம்னீங்களே," என்று வீரையனைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அதே எடத்துல இருக்கே. மூணாவது மட்டுமில்ல, பதினொண்ணும் இருக்கு."

வீரையன் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தபாலாபீஸ் முத்திரையோடு அவர் என்ன வாதாட முடியும்?

பட்டா வர இன்னும் பதினாலு மாதம் ஆனது. பதினோரு மனைக்கும் வந்தது. பத்து மனைக்கு ஆம்பிளைகள் பெயர். மூன்றாவது மனைக்கு, ஆதாரம் யார் பேரிலோ அவர் பேரில் என்று எழுதிவிட்டார்கள்: ராசம்மாள். ஊர் சிரித்தது. இளையபெருமாள் அவர்களை முந்திக்கொண்டு சிரித்தார். "முன்ன தியாகேசன் மனையில குடியிருந்தேன், இப்ப ராசம்மா மனையில குடியிருக்கேன். எனக்குன்னு இருக்கிறது கடைத்தெருவுல ஒரு பொய் விலாசம்தான்." இப்படி ஊரிடம் சிரிப்பாரே தவிர, ராசம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு ஏன் சொன்னாய் என்று கத்தினோமே, அது தப்பு என்று சொல்ல முப்பது வருஷமாக அவருக்கு வாய் வரவில்லை.

செல்போன் வரும் வரை வரவில்லை. திருப்பூரில் வேலை பார்த்த மகள் அமிர்தம், ஒரு போன் வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பணம் அனுப்பியிருந்தாள். அதே குடவாசல் கடைத்தெரு. ராவுத்தர் கடை இருந்த வரிசையில் இப்போது செல்போன் கடை, வாசல் வரைக்கும் கூட்டம். விலாசத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றதும் ராசம்மாள் பட்டா நகலை எடுத்து வைத்தாள். கடைக்காரர் படிவத்தை இழுத்து, "பெரியவரே, விலாசம் சொல்லுங்க" என்றார்.

பின்னால் பத்துப்பேர் நின்றிருந்தார்கள். இளையபெருமாள் மேல்துண்டைச் சரி பண்ணிக்கொண்டார்.

"கேர் ஆஃப் ராசம்மாள்," என்று உரக்க ஆரம்பித்தார். "களத்துமேடு. வாய்க்கால் கரை. பதினோரு குடிசையில கிழக்கேருந்து மூணாவது."

"குடிசையா? தெருப் பேரு, கதவு நம்பர் ஏதும் இல்லீங்களா?"

"இருக்கு. ஆனா மொதல்ல இத எழுதுங்க," என்றார் இளையபெருமாள்.

ராசம்மாள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"எதுக்கு இப்படிக் கத்துற? பக்கத்துலதானே இருக்காரு."

"உனக்குக் கேக்கணும்ல," என்றார் அவர்.