ஒரு அளவு பெரிய ஷூ

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவள், மகளுக்கு எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவாள். வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடமும் ஆகுமே என்று, ஓட்டப் பந்தய ஷூவையும் தள்ளுபடியில் அப்படியே வாங்கிவிட்டாள்.

"நான் ஒரு பக்கம் ஓடினா, இது ஒரு பக்கம் ஓடும்மா," என்றாள் மகள்.

"ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டுடி."

கட்டியும் குதிகால் கழன்றது. தாய் கடைக்கு ஓடினாள்.

"தள்ளுபடிச் சரக்க மாத்த மாட்டோம்க்கா. சின்ன அளவு இருக்கு, ஆனா அது முழு விலை," என்றார் கடைக்காரர்.

விலையைக் கேட்டதும் ஷூவைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். வந்த வழியே திரும்பினாள்.

மறுநாள் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். பாதி தூரம் வரை மகள்தான் முன்னால். வளைவில் ஒரு ஷூ கழன்று விழுந்தது. அப்படியே ஓடியிருந்தாலும் அணியில் இடம் கிடைத்திருக்கும். ஆனால் மகள் நின்று, திரும்பிப் போய் அதை எடுத்தாள். "விட்டுட்டு ஓடுடி" என்பது மைதான ஓரத்தில் நின்ற தாய்க்கு வாய் வரை வந்தது.

எல்லோருக்கும் கடைசியாக, ஷூவைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள் மகள்.

"புது ஷூம்மா. யாராவது மிதிச்சிருப்பாங்க."

தாய் அதை வாங்கி மண்ணைத் துடைத்தாள்.