ஒரு கார்னருக்கு இரண்டு முதல் டர்ன்

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஜவுளிக்கடை வாசலை நெரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பை வைக்கும் கவுண்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த சின்னத்தாய்க்குப் போன் மேல் போன் வந்தது. டியூட்டியில் செக்யூரிட்டி போன் எடுத்தால் சூப்பர்வைசர் காய்ச்சி எடுத்துவிடுவார். மூன்றாவது தடவை அடித்தபோது ஏதோ விபரீதம் என்று பயந்து, குனிந்து, மேஜைக்கு அடியில் எடுத்துப் பேசினாள்.

அஸ்வினிதான். கோரிப்பாளையம் கபடி டீமில் சின்னத்தாய் இடது கார்னர் என்றால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற கவர் இந்த அஸ்வினி.

“அக்கா, உன்னைய திருநகர் டீமுக்குக் குடுத்துட்டாங்க.”

சின்னத்தாய் ஆச்சரியப்படவில்லை. நாற்பது நாளாகப் பிராக்டிஸுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவளை வைத்துக்கொண்டு யார் சோறு போடுவார்கள்? எதற்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டாள். இதைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வலது கார்னரை ஆட்டத்துக்கு விரிக்கிற நாலு பழைய ரப்பர் மேட்டுக்கும் ஒரு ஸ்கோர் போர்டுக்கும் மாற்றிய லீக் இது. கார்னரின் மதிப்பு அவ்வளவுதான். பாடிப் போய்ப் பாயிண்ட் எடுத்து வருகிற ரெய்டருக்கு மாலை, போட்டோ, பேப்பரில் பெயர் எல்லாம் உண்டு. ஓரத்தில் நின்று கணுக்காலைக் கவ்விப் பிடிக்கிறவள் பெயர் மைக்கில் சொல்கிறவருக்கே தெரியாது.

“ரெண்டு வருஷத்து மொத டர்ன்” என்றாள் அஸ்வினி.

சின்னத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டோக்கன் கட்டு கீழே சிதறியது. ஒரு அம்மாவின் பைக்கு இன்னொரு அம்மாவின் டோக்கனைக் கொடுத்து, சாயங்காலம் அதற்காகத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முதல் டர்ன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மகளிர் லீக்கில் ஆறு டீம். ஒவ்வொரு வருஷமும் புதுப் பெண்கள் பெயர் கொடுப்பார்கள். போன வருஷம் கடைசியாக வந்த டீம் முதலில் கை நீட்டி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளும். பிறகு ஐந்தாவது, நாலாவது என்று போகும். தோற்றவனுக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல் அது. அதைப் போய், அதுவும் இந்த வருஷத்தது, அடுத்த வருஷம் எந்த இடத்தில் வந்தாலும் தன் டீமுக்குக் கிடைக்கப்போகிற முதல் கை இரண்டையும், ஆபரேஷன் செய்த முழங்காலோடு இருக்கும் இருபத்தொன்பது வயசுக் கார்னருக்குக் கொடுத்திருக்கிறார் ஒரு மனிதர். அவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ஊரே கேட்டது. சின்னத்தாயும் அதைத்தான் கேட்டாள்.

அவள் கீழக்குயில்குடிக்காரி. மலையடிவாரத்துப் பொட்டலில் ஆண்பிள்ளைகளோடு ஆடிப் பழகியவள். கல்யாணம் ஆனால் நின்றுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நிற்கவில்லை. புருஷன் விருமாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டம் இருக்கும் நாட்களில் அவனே ஆட்டோவின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவான். ஒன்பது வருஷம் கோரிப்பாளையத்துக்கு ஆடினாள். ஒன்பதாவது வருஷம் இடது முழங்காலில் சவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து, எட்டு மாதம் நொண்டி, மறுபடி ஓட ஆரம்பித்தபோது புது ஒப்பந்தத்தை நீட்டினார் மேனேஜர் கண்ணுச்சாமி. ஏழாவது வரியில் இப்படி இருந்தது: பழைய காயம் திரும்பினால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

கேட்டீர்களா அநியாயத்தை? அந்தக் காயம் அவள் வீட்டில் வழுக்கி விழுந்தா வந்தது? அவர்களுக்காக ஒருத்தி காலைப் பிடித்துத் தொங்கியபோது வந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள், சம்பளத்தைக் கூட்ட வேண்டாம் என்றாள். எல்லாருக்கும் உள்ளதுதானம்மா என்றார் கண்ணுச்சாமி. எல்லாருக்கும் முழங்கால் கிழியவில்லையே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள்தான். காசுக்கு வீம்பு பிடிக்கிறாள் என்று பேச்சுப் பரவியது. மறுக்கப் போகவில்லை.

திருநகர் டீமை நடத்துகிற ஹரிராம் மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயசு; சரிகை நூல் வியாபாரம்; சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நூல் கடைக்காரருக்குக் கபடி எதற்கு என்று கேலி பேசாத ஆள் கிடையாது. ஆனால் மேட்டுக்கு அவர் காட்டுகிற மரியாதையை அந்தக் கேலிக்காரர்கள் யாரும் காட்டியதில்லை. செருப்போடு ஒருவன் மேட்டில் கால் வைத்தால் போதும், அந்தச் சாந்தமான மனிதர் கத்துகிற கத்தல் கேலரி வரை கேட்கும்.

எல்லா டீமுக்கும் பொதுவான அந்த அச்சு ஒப்பந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஏழாவது வரி இதுதானே என்று கேட்டார். பேனாவை எடுத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கோடாக அடித்தார். ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். நாற்பது நாள் சண்டை நாலு நொடியில் முடிந்துபோனது.

“எனக்குப் போயி ரெண்டு டர்னை ஏண்ணே குடுத்தீக?”

“பாடிப் போறவங்க வருஷா வருஷம் வருவாங்கம்மா. பிடிக்கிறவங்க வர மாட்டாங்க” என்றார் அவர். இரண்டு வருஷமாகத் திருநகர் கடைசி இடம். மூன்றாவது வருஷமும் கடைசியாக வந்தால் லீக்கை விட்டே தூக்கிவிடுவார்கள் என்பதையும் சொன்னார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

புதுப் பெண்களை எடுக்கிற நாள் பைபாஸ் ரோட்டு மண்டபம் ஒன்றில் நடந்தது. பழைய ஆட்டக்காரிகளும் வரவேண்டும் என்பது வழக்கம். சின்னத்தாய் திருநகர் மேஜைக்குப் பின்னால், ஹரிராமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் டர்ன் இப்போது கண்ணுச்சாமியுடையது. அவர் எழுந்து, தாளைப் பார்த்து, நிதானமாகப் படித்தார்.

“நாப்பத்தொண்ணாம் நம்பர். ஸ்ரீவர்ஷினி. ரெய்டர்.”

ஹரிராம் வாயருகே கொண்டுபோன டீ அப்படியே நின்றது. முகத்தில் பேயறைந்தது போலாகிவிட்டது. என்னண்ணே என்று கேட்டாள் சின்னத்தாய். “எம் மக” என்று இரண்டாவது முயற்சியில்தான் சொன்னார்.

அவர் கதை இதுதான். மகள் காலேஜில் கபடி ஆடுவது அவருக்குத் தெரியும். ஏதோ சர்டிபிகேட்டுக்காக ஆடுகிறாள் என்று நினைத்திருந்தார். லீக்குக்குப் பெயர் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தார். சொந்த டீமில் சொந்த மகளா என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதாம். அதே பயத்தில் அவள் ஆடிய ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. புதுப் பெண்களின் லிஸ்டை மற்ற ஐந்து மேனேஜர்களும் மூன்று தடவை படித்திருந்தார்கள். இவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. டர்னைத்தான் கொடுத்துவிட்டாரே, லிஸ்ட் எதற்கு?

மேடைக்கு வந்து கோரிப்பாளையத்துப் பச்சை ஜெர்ஸியை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், நேராகத் திருநகர் மேஜைக்கு வந்தாள். ஒல்லியான உடம்பு, நீளமான கால். அப்பாவிடம் முதலில் தங்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ கேட்டாள். செளராஷ்டிரம் சின்னத்தாய்க்குப் புரியாது. அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவள் தமிழில் சொன்னாள்.

“மொத டர்ன் நம்மளுதுன்னு நெனச்சுத்தாம்ப்பா பேர் குடுத்தேன். என்னை எடுக்காம இருக்க முடியாதுல்ல உங்களுக்கு? அதுக்குத்தான் சொல்லல.”

அவ்வளவுதான். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. பச்சை ஜெர்ஸியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சின்னத்தாய் ஆடிப்போனாள். அந்தப் பெண்ணைக் கொடுத்துத்தான் தன்னை வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவருக்கும் அது தெரியாது. உட்கார்ந்திருந்த நாற்காலியே தன்னுடையது இல்லை என்று தோன்றியது. எழுந்து நிற்கவும் தோன்றவில்லை.

ஆட்டங்கள் ஆரம்பித்தன. ஞாயிறு தோறும் ஒரே மைதானத்தில் மூன்று ஆட்டம். சும்மா சொல்லக் கூடாது, பாடிப் போக நல்ல ஆள் இல்லாமல் ஒன்றிரண்டு பாயிண்டில் தோற்றாலும் திருநகர் அந்த வருஷம் நன்றாகவே ஆடியது. இடது பக்கம் வந்த ரெய்டர்களில் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. கோரிப்பாளையத்து ஆட்டம் தொடங்கியதும் ஹரிராம் எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். எதிர் டீமில் மகள். அவர் கைதட்டினாலும் பேச்சு, தட்டாவிட்டாலும் பேச்சு. எவ்வளவு நேர்மையான மனிதர் என்று ஊர் மெச்சியது. சின்னத்தாய் மட்டும் வீட்டுக்குப் போகாமல் கேலரியில் உட்கார்ந்திருப்பாள். விருமாண்டி வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். தனக்கு ஈடாகக் கொடுத்தது என்ன என்று பார்க்காமல் அவளால் போக முடியவில்லை. அப்படி ஒரு ரெய்டரை இந்த லீக் பார்த்ததே இல்லை.

ஐந்தாவது ஞாயிறு, கடைசி ஆட்டம், திருநகரும் கோரிப்பாளையமும் மோதின. ஹரிராம் இந்தத் தடவை எழுந்து போக முடியாது. ஜெயித்தால் திருநகர் லீக்கில் இருக்கும். தோற்றாலோ சமமானாலோ கடைசி இடம், கடை மூடியாகிவிட்டது. கடைசி ரெய்டுக்கு முன் திருநகர் ஒரு பாயிண்ட் கூடுதல். பாடி வந்தவள் ஸ்ரீவர்ஷினி. யாரையும் தொட வேண்டாம், போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டாலே போதும், ஒரு பாயிண்ட், சமம்.

அவள் இடது மூலைக்குத்தான் வந்தாள். சின்னத்தாயின் முழங்கால் அன்று காலையிலிருந்தே வீங்கியிருந்தது. அது அந்தப் பெண்ணுக்குத் தெரியும், எதிர் டீமில் யாருக்குத்தான் தெரியாது. ஒரு முறை வலது காலை நீட்டினாள். பொய். இரண்டாவது முறை நீட்டினாள். பக்கத்தில் நின்ற கவர் துடித்தாள், சின்னத்தாய் அசையவில்லை. மூன்றாவது முறை கால் காற்றில் இருக்கும்போதே விழுந்து இரண்டு கையாலும் கணுக்காலைக் கவ்வினாள். சின்னத்தாயின் முழங்காலுக்குள் ஏதோ படக்கென்றது. மற்ற ஆறு பேரும் மேலே வந்து விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

“விடுங்கக்கா. முடிஞ்சிருச்சு” என்றாள் ஸ்ரீவர்ஷினி. அப்போதுதான் சின்னத்தாய்க்குத் தான் இன்னும் பிடியை விடவில்லை என்பதே தெரிந்தது. விட்டாள். காலை மடக்க முடியவில்லை. கண்ணை மூடியதும் ஏழாவது வரி அப்படியே எழுத்து எழுத்தாக வந்து நின்றது. பிறகு அதன் மேல் போன பேனாக் கோடும் வந்தது. மூச்சு விட்டாள்.

ஹரிராம் ஐஸ் பையோடு ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். முழங்காலில் ஐஸை வைத்து அழுத்தினார். ஒன்றும் கவலைப்படாதே, எத்தனை மாதமானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள் மூன்றடி தள்ளி மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தது சின்னத்தாயைத்தான்.

“அக்கா, மூணாவதுதான் நெசம்னு எப்படித் தெரியும்?”

வலியில் இருக்கிறவளுக்கு யோசித்துப் பேசத் தோன்றுமா? “உன் ஆட்டம் நாலையும் ஒக்காந்து பாத்தேன்ல” என்றாள் சின்னத்தாய்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஸ்ரீவர்ஷினி முதல் தடவையாக அப்பா பக்கம் திரும்பினாள்.

“நீங்க?”

ஹரிராம் வீட்டுப் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சின்னத்தாய்க்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் தான் பார்த்தது இந்த ஓர் ஆட்டம்தான் என்று அவர் சொன்னதாக அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, நடுக்கோட்டைத் தாண்டித் தன் டீம் இருந்த பக்கம் போனாள். திருநகர்க்காரர்கள் வெடி போட்டார்கள். லீக்கில் இருக்கப் போகிறார்கள் அல்லவா.

சின்னத்தாய் ஐஸ் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அந்த வரிய நீங்க அன்னைக்கே அடிச்சிட்டீக. எனக்கு இனிப் பயமில்ல. நீங்க அங்க போங்கண்ணே.”

அவர் எழுந்து நடந்தார். நடுக்கோட்டில் போய் நின்றபோதுதான் தன் காலைப் பார்த்தார். மேட்டில் இவ்வளவு நேரமும் செருப்போடு இருந்திருக்கிறார். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எதிர்ப்பக்க பெஞ்சில் ஸ்ரீவர்ஷினி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைத் தாண்டினார்.